பன்னிரண்டு வோல்ட்

புயல் கரையைக் கடந்த அன்று திண்டிவனத்தில் மதியமே கரன்ட் போய்விட்டது. எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. தெருவில் இன்வெர்ட்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையது. லாரி ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, தன் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியை அதில் மாட்டிக் கொடுத்திருந்தார். கரன்ட் போனாலும் கூடத்து பல்பு பளிச்சென்று எரியும். அக்கம்பக்கத்தார் செல்போனோடு வந்து நிற்பார்கள். அப்பா சொந்தமாக ஒரு மின்நிலையம் வைத்திருப்பவரைப்போல நடந்துகொள்வார்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். தம்பி கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே இழுப்புக்காரன். அன்று சாயங்காலம் ஈரக்காற்று பட்டு, மூச்சுக்கு மூச்சு அவன் விலா எலும்புகள் உள்ளே போய்வந்தன. அம்மா நெபுலைசரை எடுத்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் புகை மிஷின் என்று பெயர். மருந்தை ஊற்றி, அவன் முகத்தில் மூடியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டாள். மிஷின் ஒருமுறை முனகியது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. பல்பும் சேர்ந்து அணைந்தது.

மழையில் மாட்டிக்கொண்டு மாமாவும் அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. இன்வெர்ட்டரை மறுபடி போட்டபோது பல்பு சமர்த்தாக எரிந்தது; மிஷினைப் போட்டதும் எல்லாம் செத்தது. நிறுத்திவிட்டு மாமா மீண்டும் அளந்தார். மீண்டும் பன்னிரண்டு. கோளாறு மிஷினில்தான் என்றார் அப்பா. இன்வெர்ட்டரில் என்றார் மாமா. பேட்டரியை இருவருமே சந்தேகிக்கவில்லை. எண் அத்தனை தெளிவாக இருந்தது.

அம்மா சத்தம் போடவில்லை. "மீட்டரையே பாத்துக்கினு இருக்கியே, புள்ள மூஞ்சியப் பாருடா" என்றாள் மாமாவிடம்.

தம்பியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மரம் சாய்ந்து கிடந்தது. அடுத்த தெரு மாதா கோயிலில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் காற்றோடு வந்து வந்து போனது. அம்மா தம்பியை உரச்சாக்கால் போர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். மிஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டு அப்பா, பின்னால் மாமா கையைப் பிடித்தபடி நான். கோயிலுக்குள், வீட்டில் தண்ணீர் புகுந்த பள்ளத்தெரு ஜனங்கள் பாயும் மூட்டையுமாக ஒதுங்கியிருந்தார்கள். அம்மா யாரையும் கேட்கவில்லை. பீடத்தருகே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷினைச் செருகினாள். ஓடிவந்த சாமியார் தம்பியைப் பார்த்ததும், "போடும்மா, போடு" என்று ஒதுங்கிக்கொண்டார். மிஷின் கடகடவென்று ஓடியது.

மாமாவின் மீட்டர் பொய் சொல்லவில்லை என்பது பாலிடெக்னிக்கில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேட்டரிக்கு உள்ளேயே ஒரு மின்தடை இருக்கிறது. பழசாகப் பழசாக அது கூடும். மீட்டர் இழுக்கும் கரன்ட் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், ஆகவே அதற்கு முழு வோல்ட்டும் தெரியும். சின்ன பல்பு கேட்பதும் கொஞ்சம்தான். மிஷினின் மோட்டார் நிறையக் கேட்கும். அவ்வளவு கரன்ட் ஓடும்போது வோல்ட்டில் ஒரு பங்கு பேட்டரிக்குள்ளேயே விழுந்துவிடும். வெளியே வருவது இன்வெர்ட்டருக்குப் போதாது. மிஷினைப் போட்ட அந்த நொடியில் அளந்திருந்தால் எண் சரிவதை மாமா பார்த்திருப்பார். அவரோ ஒவ்வொரு முறையும் நிறுத்திய பிறகே அளந்தார்.

கோயிலில் தம்பியின் மூச்சு மெல்லச் சீரானது. உதட்டில் நிறம் திரும்பியது. பசிக்கிறது என்றான், பாயில் இருந்த யாரோ ஒரு பிஸ்கட்டை நீட்டினார்கள். மாமா சிரித்தார். அப்பா அதற்குள் சாமியாரிடம் எங்கள் இன்வெர்ட்டரின் பெருமையைத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் அம்மா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயம் இன்னும் அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் போய்த் தோளை உலுக்கினேன்.

"தம்பி நல்லாயிட்டாம்மா. பிஸ்கட்டு துன்றான் பாரு."

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள்.