சுண்டுவிரல் நகம்

அப்பா விட்டுப்போன, இப்போது புகை கக்குகிற மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அவர் வழக்கமாகப் போகும் லேத் பட்டறையைத் தேடி ஜார்ஜ்டவுன் சந்துக்கு வந்தால், அங்கே ஒரு கஃபே. பையைத் திறந்தால் மட்டும் பட்டறையின் மண்ணெண்ணெய் வாசம்.

அப்பாவுக்கு நகம் கடிக்கும் பழக்கம். அதனால் கழற்றிய சிலிண்டருக்குள் கீறல் இருக்கிறதா என்று பார்க்க என் சுண்டுவிரல் நகம்தான் வேண்டும். லேத்தின் இரைச்சலும் சுருள் சுருளாய் உதிரும் இரும்புச் சீவலுமான அந்த இடத்தில், பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்க, நான் கண்ணை மூடி நகத்தை மெல்ல இறக்குவேன். தடுக்கினால் வண்டி ஒரு வாரம் பட்டறையில் கிடக்கும். அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டு பள்ளிக்குப் போக முடியாது, பஸ்தான்.

ஒருமுறை தடுக்கியது. "ஒன்னும் இல்லப்பா" என்றேன்.

அந்த வாரமே ஆயர் ஈத்தாம் சாலையில் எஞ்சின் இறுகி நின்றது. இறங்கப் போனவளை, "பரவால்லம்மா, உக்காரு" என்று அப்பா பள்ளிவரை தள்ளிக்கொண்டே போனார். அடுத்த முறையும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"அந்தக் கடைய எப்பவோ மூடிட்டாங்க லா, அக்கா, பாகான் டாலாம்ல கேட்டுப் பாருங்க" என்கிறாள் கஃபேவில் வேலை செய்யும் பெண்.

துணிப்பைக்குள் கைவிட்டு, கண்ணை மூடி, நகத்தை இறக்குகிறேன்.

"தடுக்குதுப்பா."