பெயர் ஒட்டாத சுவிட்ச்

எது எந்த அறைக்கு என்று பெயர் ஒட்டுவதற்காக, அப்பா மின்பெட்டிக்கு முன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். மகள் அறை அறையாக ஓடினாள்.

"எது போச்சு?"

"சமையலறை!"

"திரும்பப் போடுறேன். வந்துச்சா?"

"வந்துச்சு. அணைஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சேப்பா?"

"தற்செயலா அணைஞ்சிருந்தா?"

"கரன்ட்டையே சந்தேகப்படுற ஆளு இவரு ஒருத்தர்தான்" என்றாள் அம்மா, அதுவரை இருட்டில் வெங்காயத்தோடு நின்றவள்.

அவர் வேலை செய்தது விமான நிலையத்தின் ரேடார் அறையில். திரையில் விமானம் என்பது வெறும் புள்ளி. எல்லாம் ஒரே ஜாடை. ஒவ்வொரு விமானிக்கும் நான்கு இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். விமானி அதைத் தன் கருவியில் வைத்ததும் புள்ளியருகே எண் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அந்தப் புள்ளி மட்டும் பளிச்சிடும். கருவியே படுத்துவிட்டால், "முப்பது டிகிரி இடப்பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லிவிட்டு எது திரும்புகிறதென்று பார்ப்பார்கள். மகள் அந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். "நீ ஒழுங்கா வேலை செஞ்சா எனக்குத் தொண்டைத்தண்ணி மிச்சம்" என்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒருமுறை ரயில் நிலையக் கூட்டத்தில் அம்மாவைத் தேடிப் போனில் அழைத்தார்.

"கையத் தூக்காதே, எல்லாரும் தூக்குவாங்க. இடது பக்கம் திரும்பி நாலு எட்டு நட."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என்னை அடையாளம் தெரியலையா?" என்று கத்தியபடியே அம்மா நடந்தாள். கண்டுபிடித்துவிட்டார்.

அவருடைய பயிற்சிக் காலத்தில் ஒருநாள் திரையில் இரண்டு புள்ளிகள். ஒன்று யாரென்று தெரியும். அப்படியானால் மற்றதுதான் தன்னோடு பேசும் விமானம் என்று சொல்ல வாயெடுத்தார். மேலதிகாரி தோளைப் பிடித்து நிறுத்தினார். பேசிய விமானம் திரைக்குள் இன்னும் வந்தே சேரவில்லை. அன்றிலிருந்து, மிச்சமிருப்பது இதுதான் என்ற கணக்கு அவருக்கு ஆகாது.

எல்லா சுவிட்சுக்கும் பெயர் ஒட்டியாயிற்று, ஒன்றைத் தவிர. விளக்கிலும் மிச்சம் ஒன்றுதான், வாசல் விளக்கு. அதன் பல்பு பியூஸ்.

"இதுதான் வாசல், ஒட்டிடலாம்ப்பா."

"பல்பு வாங்கிட்டு வந்து, எரிஞ்சதைப் பார்த்துட்டு ஒட்டுவோம். நாளைக்கு நானே கடைக்குப் போறேன்." 'வாசல்' என்றெழுதிய ஸ்டிக்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு, அம்மா அந்தச் சட்டையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து வந்தாள். "ஒட்டிடும்மா. அவர் ஆரம்பிச்சது முடியட்டும்."

மகள் மின்பெட்டியைத் திறந்தாள். பின்தாளை உரித்தாள். விரல் சுவிட்சருகே போய் நின்றது.

"பார்க்காம எப்படிம்மா ஒட்டுறது?"

"சரியாப் போச்சு. அப்பனுக்குப் பொண்ணு தப்பாமப் பொறந்திருக்கே. அப்போ போய் பல்பை வாங்கிட்டு வா."

"நாளைக்குப் போறேன்."

அந்த நாளையும் போயிற்று. அம்மா மறுபடி கேட்கவில்லை. ஸ்டிக்கர் இப்போது மகளின் சட்டைப்பையில். கடை தெருமுனையில்தான் இருக்கிறது. பல்பு இன்னும் வாங்கவில்லை.