கைக்கடிகார வாரிலிருந்து தெறித்த கம்பி

அரை அங்குல ஸ்பிரிங் கம்பி வீட்டுக்குள்ளேயே எங்கே போயிருக்கும்? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மதுரை வெயிலில் கடிகாரத்தின் தோல் வாருக்கு அடியில் வியர்த்து மணிக்கட்டு அரித்ததால், துணி வார் வாங்கி வந்தேன். தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கை எடுத்து, பழைய வாரைப் பிடித்திருந்த கம்பியை நெம்பினேன். அது தெறித்துவிட்டது. பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்த மகன் எதையோ மென்றான்.

“ஏத்தா, பிள்ளை வாயப் பாரு!” என்று மாமியார் பதறினார். வாயில் பிஸ்கட்தான் இருந்தது. மனது கேட்காமல் மருத்துவமனைக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை.

“கடைக்கார அண்ணே ரெண்டு நிமிசத்துல மாட்டிருப்பாரு. இம்புட்டு அவசரம் எதுக்கு?” என்றார் கணவர்.

இனி வார் மாற்றக் கடைக்குத்தான் போவேன். ஆனால் காந்தம் வைத்துத் தேடியும் கம்பி கிடைக்கவில்லை. இடுப்பில் இருக்கும் மகனோ கீழே இறங்கத் துள்ளுகிறான். தரையில் விடலாமா? அனுபவப்பட்ட தாய்மார்கள் சொல்லுங்களேன்.