வாடகை கேட்காத வீடு

நாற்பத்திரண்டு வயதில் மறுபடி சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது எனக்குப் பாடங்களைவிட வாடகையை நினைத்துத்தான் பயம். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பு. அந்தக் கல்யாணமும் முடிந்துபோயிருந்தது. தி.நகர் துணிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டேன். சாயங்காலம் ஒரு வக்கீலுக்கு டைப் அடித்துக் கிடைப்பது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்தான் காணும்.

கடைக்கு வாடிக்கையாக வரும் மாமி ஒருவர் மயிலாப்பூரில் தனி வீட்டில் இருந்தார். மகனோடு இருக்க வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நீ ஆத்துல இருந்து பாத்துண்டா போறும். வாடகையெல்லாம் வேண்டாம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சொத்துரிமைப் பரீட்சைக்கு முந்தின மத்தியானம், யாரோ வாசல் கிரில்லை உலுக்கினார்கள். வெளியே மூன்று பேர். வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர், மாமியின் காலமான கணவருக்குத் தம்பி என்றார். மற்ற இருவரில் ஒருவன் கையில் சுத்தியல்.

"இன்னாமா, தொற. பூட்ட மாத்தணும்" என்றான் அவன்.

"மாமி சொல்லாம திறக்க மாட்டேன்."

"மாமி எங்க கீது? இங்கயா கீது?"

"இது எங்கப்பா கட்டின ஆம். எனக்கும் பங்கிருக்கு. நீ யாரு?" என்றார் தம்பி.

உரிய நடவடிக்கை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்று காலையில்தான் படித்திருந்தேன். ஒரு வரிகூட நாக்குக்கு வரவில்லை. "கோர்ட் ஆர்டர் இருக்கா சார்?" என்றேன். 

"நீ வக்கீலா?"

"படிக்கிறேன்."

அவர் என் நரையைப் பார்த்துச் சிரித்தார். சுத்தியல் பூட்டின்மேல் விழுந்தது.  மாமிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மா வண்டியை விட்டுவிட்டு வந்தாள். "இன்னா நைனா, பொம்பள தனியா கீது, சுத்தியோட வந்து நிக்கிற?" என்று தெருவே திரும்பும்படி கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

சாயங்காலம் மாமியே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"ஆம் காலியா இருந்தா உள்ள பூந்துடுவான். கேஸ் நடந்துண்டிருக்கு. நீ இருக்கியோன்னோ, அதான் தைரியம்."

 பூட்டு மட்டும் போதாது என்று என்னையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "ஏன் மாமி முன்னாடியே சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா வந்திருப்பியா?" என்றார். குரலில் வஞ்சகம் எதுவும் இல்லை.

கதவுக்குக் குறுக்கே சோபாவை இழுத்துப் போட்டுவிட்டுப் படித்தேன். பரீட்சை ஹாலில், இந்நேரம் பூட்டை உடைத்திருப்பார்களோ, என் பெட்டி தெருவில் கிடக்குமோ என்றே மனம் ஓடியது. திரும்பி வந்தபோது தெருமுனையிலிருந்தே எட்டிப் பார்த்தேன். பூட்டு அப்படியே இருந்தது. அன்று அவர்கள் வரவில்லை. ஆனால் அதன்பிறகு தெருவில் பைக் நின்றாலே நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பரீட்சைகள் முடிந்ததும் மாமியைக் கூப்பிட்டு, "என்னால முடியல மாமி" என்றேன்.  "சாவியை எதிராத்துல குடுத்துடு" என்றார்.

ராயப்பேட்டையில் பெண்கள் விடுதிக்கு மாறினேன். என் வயதில் பாதிகூட ஆகாத பெண்களோடு ஒரே அறை. வாடகைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய துணிக்கடையிலேயே நின்றேன். விடுதியில் முதல் நாள் யாரோ அறைக் கதவைத் தட்டியதும் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, சார்ஜர் கேக்குறா. உக்காருங்க" என்றாள் பக்கத்துக் கட்டில் பெண்.