கடலைக் காணாத ஆடி அமாவாசை

எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் வட ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்தின் புறநகர். முதலில் மீனவர்கள் இருந்தார்களாம். பிறகு கடல் குளிக்க வந்த பணக்காரருக்கு விடுதிகள் கட்டினார்கள். அவர்கள் விமானமேறி வெயில் நாடுகளுக்குப் போகத் தொடங்கியதும் விடுதிகள் காலியாகின. அதற்குள் அகதிகளை அடைத்தார்கள். கடற்கரை ஊர் என்று பெயர்தான்; வெள்ளத்துக்குப் பயந்து கட்டிய அணைமேட்டுக்குப் பின்னால் வீடுகளெல்லாம் பதுங்கிக் கிடந்தன. சனமும் யன்னல் சீலைக்குப் பின்னால் பதுங்கி நின்றே எங்களைப் பார்த்தது. எனக்கு அந்த ஊரைப் பிடிக்கவே இல்லை.

முந்தின வருடம் யாழ்ப்பாணத்தில் அப்பா செத்துப்போனார். கொள்ளி வைத்தது சித்தப்பா. பிதிர்க்கடன் கழிக்கும் கீரிமலைக் கடற்கரையில் ஆமிக்காரர் நின்றதால் ஆடி அமாவாசைக்கு அவரால் அங்கே போகமுடியாது. ‘இங்கே பக்கத்திலேயே கடல் இருக்கிறது, எள்ளும் தண்ணீரும் நானே விடுகிறேன்’ என்று அம்மாவுக்கு எழுதினேன்.

அன்று விடிய, அறையில் என்னோடிருந்த இன்னொரு அகதி அண்ணையையும் கூட்டிக்கொண்டு, எள்ளுப் பொட்டலத்துடன் அணைமேட்டில் ஏறினேன். கடலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் சேறு.

“தம்பி, வந்த அண்டைக்கு இதிலதானே கடல் கிடந்தது?” என்றார் அண்ணை.

நாயோடு வந்த கிழவி அங்கே நேரங்கள் எழுதியிருந்த பலகையைக் காட்டினாள். படகு நேரம் என்று நாங்கள் நினைத்திருந்தது கடல் வரும் நேரம். மத்தியானம்தான் வருமாம். அமாவாசையென்றால் அது மிகத் தூரம் போகுமாம்.

எனக்குப் பத்து மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் ரெர்மின், அவர்கள் குறித்துத் தந்த நேரம். விசா அன்றோடு முடிகிறது. ஆத்திரத்தில் சேற்றுக்குள் இறங்கினேன். முழங்கால்வரை புதைந்தது. அண்ணை சட்டையில் பிடித்து இழுத்தார்.

“ரெர்மினை விடேலாது. பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள். வந்து செய்யுமன்.”

சேறு காய்ந்த காற்சட்டையோடு, பச்சைத் தண்ணீரும் குடிக்காமல், அலுவலக வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானமும் கழிந்தது. கடைசியாகக் கூப்பிட்டு மூன்று மாதம் நீட்டித்தார்கள். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். கடல் வந்துவிட்டுப் போயிருந்தது.

“குழாய்த் தண்ணியிலயாவது விடும் தம்பி.”

“ஏலாதண்ணை. கடலில எண்டுதான் அம்மாவுக்கு எழுதினனான்.”

நான் செய்திருப்பேன் என்று அம்மா நம்பியிருப்பா. சித்தப்பாவும் நம்பியிருப்பார். அன்று அப்பாவுக்கு ஒருவருமே தண்ணீர் விடவில்லை.