கொக்கு வண்டியும் என் ஃபுட்போர்டும்

என் மூன்று தங்கைகளும் தாலி கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனது ஒரே முதலாளியின் காரில். கார் ஒன்றல்ல, மூன்று. ஆனால் மூன்றும் ஒரே கம்பெனி. கல்யாணத்துக்குக் கல்யாணம் அந்தச் சீமைக் கம்பெனிக்காரன், வண்டியை அழகாக்குகிறேன் பேர்வழி என்று, நான் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுத்துக்கொண்டே வந்தான். கடைசியில் நிற்க இடமே இல்லாமல் செய்துவிட்டான். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

எனக்குத் தோவாளையில் பூ வியாபாரம். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், பிச்சிப்பூவோடு மூன்று தங்கைகளும் என் பொறுப்பில் வந்தார்கள். கூட ஒரு சித்தி இருந்தாள். மேற்கே மலையடிவாரத்தில் ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த முதலாளி வீட்டுக் கோயிலுக்கு நான்தான் பூ கொடுத்தேன். அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று சாமி, இன்னொன்று வேகம். சீமையில் அந்தக் கம்பெனி புதிய மாடல் விட்டால் பழையதை யார் தலையிலாவது கட்டிவிட்டு அதை வாங்கிவிடுவார். வண்டியின் மூக்கில் ஒரு பித்தளைக் கொக்கு சிறகை விரித்து நிற்கும். கம்பெனிப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் ஊரில் அதற்குக் கொக்கு வண்டி என்றே பெயர். வீட்டில் கல்யாணம் என்று போய் நின்றால் எனக்கு அதை டிரைவரோடு இரவல் தருவார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்படும்போது பெண்ணின் சகோதரன் காரின் கதவுக்குக் கீழே பலகையாக நீளும் ஃபுட்போர்டில் நின்று ஊர் எல்லை வரை கொண்டுவிட வேண்டும். எங்களுக்கு எல்லை, வாய்க்காலுக்கு மேலே இருந்த சானல் பாலம். அங்கே இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு அடி போனாலும், பெண்ணைக் கொடுத்தவனுக்குக் கொடுக்க மனசில்லை என்று பேச்சு வரும். நாள் பார்த்து மறுவீட்டுக்கு அழைக்கப் போகும் வரைக்கும் பெண் வீட்டார் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஊரில் கார் ஓட ஆரம்பித்தே இருபது இருபத்தைந்து வருஷம்தான் ஆகியிருக்கும். ஆனால் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டால் சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம் நடந்தபோதே விஷ்ணு ஃபுட்போர்டில் நின்றார் என்று தோன்றும்.

மூத்தவள் கல்யாணம் சுதந்திரம் வந்த வருஷம். அப்போது வந்தது உலகச் சண்டைக்கு முந்திய மாடல். நாலு கதவு, திறந்த மேல்பக்கம், பானட்டைச் சுற்றித் தோல் வார். விளக்குகள் இரண்டும் வெளியே தனித்தனியாகப் பெரிய செம்புப்பானைகளாகத் துருத்திக்கொண்டு நின்றன. எங்கு பார்த்தாலும் கொக்கி, கம்பி, பிடி. பூக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? கொக்கின் கழுத்திலிருந்து பின் சக்கரம் வரை சரம் சரமாகத் தொங்கவிட்டேன். ஃபுட்போர்டோ, ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு அகலம். இடது கையைக் கதவில் வைத்து, வலது கையால் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். வண்டி நாதஸ்வரக்காரர் பின்னால் ஊர்ந்தது. தெருவில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாலத்தில் குதித்து இறங்கினேன். நல்ல குதிப்பு என்று நாலு பேர் சொன்னார்கள்.

கடைசித் தங்கைக்கு அப்போது எட்டு வயது இருக்கும். வண்டி பின்னாலேயே பாலம் வரை ஓடி வந்துவிட்டாள். அக்கா இனி நம்ம வீட்டுக்கு வரமாட்டாளா என்று கேட்டுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். அதன் பிறகு வெகுநாள் அவள் அந்தப் பாலத்தைத் தாண்டி நாகர்கோவில் போக வரமாட்டாள்.

அடுத்தவள் கல்யாணத்துக்கு அதே கம்பெனியின் புதிய வண்டி வந்தது. விளக்குகள் மட்கார்டுக்குள் பாதி புதைந்திருந்தன. கொக்கு கோழிக்குஞ்சாகச் சுருங்கியிருந்தது. ஃபுட்போர்டு நாலு விரல் அகலம். முதலாளியின் டிரைவர் பெருமையாக விளக்கினார். வண்டியிலிருந்து எது துருத்தினாலும் காற்று தடுக்குமாம், வேகம் குறையுமாம், அதனால் துருத்துவதை எல்லாம் கம்பெனி உள்ளே தள்ளுகிறதாம். அப்படிப் பார்த்தால் நானும் ஒரு துருத்தல்தான். அன்றைக்குக் கம்பிமேல் காக்கா மாதிரி விரல் நுனியில் நின்றேன். பாதி வழியில் வேட்டி கதவுப் பிடியில் மாட்டிக்கொண்டது. ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் வண்டி என்று பாலம் வந்து சேர்ந்தபோது மீசையைத் தடவக் கை பாக்கி இல்லை. கடைசித் தங்கை இந்தத் தடவை வழியனுப்பவே வரவில்லை. காய்ச்சல் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடவில்லை.

அவள் முறையும் வந்தது. மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரப்போகின்றன என்று டீக்கடைகளில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த சமயம். மாப்பிள்ளை முதலாளியின் எஸ்டேட்டில் மிஷின் ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீடு மார்த்தாண்டம். பையன் தங்கம். ஆனால் அவர்கள் பேச்சில் பாதி மலையாளம். அங்கே போய் நான் யாரிடம் என்ன பேசுவேன் என்று அவள் சித்தியிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, நீ பாலத்துல எறங்கிருவியா?"

பின்னே எறங்காம, மரியாத கெட்டவனா நான் என்றேன். கல்யாண நாள் நெருங்க நெருங்க அவள் சாப்பாடு குறைந்தது. ராணி மாதிரி கூட்டிப்போகிறோம், எதற்கு இந்த மூஞ்சி என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கல்யாணத்தன்று காலை மூன்றாவது கொக்கு வண்டி வந்து நின்றது. பந்தலில் இருந்த கிழவர்கள் அதைப் பார்த்து, தேய்ந்த சவுக்காரக் கட்டிக்குச் சக்கரம் வைத்திருக்கிறான் என்றார்கள். இளவட்டங்கள் சோற்றை மறந்து அதையே சுற்றி வந்தார்கள். எனக்கு இரண்டு கட்சியிலும் சேர முடியவில்லை. பூக்கூடையோடு வண்டியை மூன்று தரம் சுற்றினேன். சரம் கட்ட ஒரு கொக்கி இல்லை. விளக்கு முழுசாக உள்ளே போய்விட்டது. கொக்கு வெறும் படமாகத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் கழுத்தில் எதைக் கட்ட? கதவு இரண்டே இரண்டு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஒரு குட்டி இருக்கை உண்டு, ஆனால் முன் இருக்கையை மடக்கினால்தான் அங்கே நுழைய முடியும். ஃபுட்போர்டு இருக்கவேண்டிய இடத்தில் தகடு வழுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துப் போனது.

தாலி கட்டு முடிந்தது. புறப்படும் நேரத்தில் பஞ்சாயத்து கூடிவிட்டது. சகோதரன் எங்கே நிற்பான்? பின் பம்பரில் நிற்கட்டும் என்றார் ஒருவர். புகைக்குழாய் சூட்டில் வேட்டி பற்றிக்கொள்ளும் என்றார் டிரைவர். வண்டிக்கு முன்னால் நடக்கட்டும் என்றார் இன்னொருவர். நடை வேகத்தில் போனால் ரேடியேட்டர் கொதித்துவிடும், இது ஓடப் பிறந்த வண்டி என்றார் டிரைவர். நான் நிற்காமல் பெண் புறப்படாது என்று நானும் முறுக்கிக்கொண்டேன். நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் மாமா முகம் கறுத்தது. பெண்ணை இங்கேயே வைத்துக்கொள்கிறீர்களா என்று அவர் கேட்டும்விட்டார். கடைசியில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வழி சொன்னார்.

"ஏலே மக்கா, ஒனக்க காலு வண்டியில இருந்தா போராதா? நிக்கணும்னு எவன் சொன்னான்?"

ஆக, மாப்பிள்ளை முன்னால் டிரைவர் பக்கத்தில். தங்கை பின்னால், டிரைவருக்குப் பின்புறம். மாப்பிள்ளை ஏறுவதற்கு முன்பே நான் உடம்பை மூன்றாக மடித்து உள்ளே போய் அவள் பக்கத்தில் விழுந்தேன். முழங்கால் முகவாயை இடித்தது. ஆட்கள் குனிந்து குனிந்து பார்த்தும் வெளியே தெரிந்தது என் காது மட்டும்தான். வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானம் அதற்கு முன் பட்டதில்லை.

பாலம் வந்தது. தங்கை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். டிரைவர் வண்டியை நிறுத்தினார். அப்போதுதான் பந்தலில் அத்தனை பேர் கூடிப் பேசியும் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் எனக்கு உறைத்தது. நான் இறங்க வேண்டுமென்றால் முதலில் மாப்பிள்ளை இறங்கி இருக்கையை மடக்க வேண்டும். தாலி கட்டிப் புறப்பட்டவன் தன் வீட்டு முற்றத்தில் அல்லாமல் நடுவழியில் கால் ஊன்றினால் அபசகுனம். டிரைவர் பக்கமாக இறங்கலாமென்றால் கல்யாணப் பெண்ணைத் தாண்டிக் குதிக்க வேண்டும், அது அதைவிட மோசம். மாப்பிள்ளை கதவைப் பாதி திறந்துவிட்டு, ஒரு காலைத் தூக்கி வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான். இறக்கினால் சாமி குற்றம், இறக்காவிட்டால் ஊர்க் குற்றம்.

தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

"அண்ணே, எறங்காண்டாம்."

மெதுவாகத்தான் சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கேட்டது. அவன் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தி, டிரைவரிடம் விடுங்க அண்ணாச்சி என்றான். அந்த நிமிஷத்திலிருந்து அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வெள்ளமடம் தாண்டியதும் வண்டி தன் குணத்தைக் காட்டியது. ஜன்னல் ஓரத்து மரங்களை அடையாளம் காண முடியவில்லை. தங்கை என் கையை விடவே இல்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதாள். நாகர்கோவில் கழிந்ததும் பசிக்கிறது என்றாள். மடியில் இருந்த பழத்தை உரித்துக் கொடுத்தேன். வில்லுக்குறி வளைவில் நாங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தபோது சிரித்துவிட்டாள். தக்கலையில் தூங்கிப்போனாள். என் தோள் அவள் எச்சிலில் நனைந்தது. மார்த்தாண்டம் வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்த்தாண்டத்தில் மாமியார் ஏற்றிய குத்துவிளக்கோடு வாசலில் காத்திருந்தாள். பெண் விளக்கை வாங்கி வலது கால் வைத்து உள்ளே போக வேண்டும். மாப்பிள்ளை இறங்கி இருக்கையை மடக்கினான். கதவோரம் இருந்தவன் நான், ஆகவே முதலில் வெளிப்பட்டதும் நான்தான். குனிந்த தலையோடு, கசங்கிய பட்டுச் சட்டையோடு, மீசையோடு. அந்த அம்மாளுக்குக் கண்பார்வை கொஞ்சம் மட்டு. விளக்கை என் கையில் கொடுத்துவிட்டாள். குலவை போட வந்த பெண்கள் பாதியில் நிறுத்தி, சிரிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் தங்கை காருக்குள்ளிருந்தே சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் குரல் முதலில் கேட்டது அப்படித்தான். அதன் பிறகு அவளுக்கு மலையாளம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.

ஊர் என்னை மூன்று மாதம் காய்ச்சியது. சீதனத்தோடு அண்ணனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். நான் பூக்கடையில் உட்கார்ந்து, குற்றம் என்னுடையதல்ல, சீமைக்காரனுடையது, இரண்டே கதவு வைத்துவிட்டான் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

மூத்தவள் ஒரு நாள் வந்தாள். கதை அவள் காதுக்கும் எட்டியிருந்தது. விளக்கை நான் வாங்கியதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, எங்க ரெண்டு பேரையும் மட்டும் பாலத்துல விட்டுட்டு எறங்கிட்டியே என்றாள். விளையாட்டாகத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, அதற்கு நான் என்ன செய்ய, நீ போன வண்டியில் கதவு நாலு இருந்ததே என்றேன்.

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாலு இருந்துல்லா அண்ணே. ஒண்ணத் தொறந்து உள்ள வந்திருக்கப்பிடாதா?"