கரண்ட் இல்லாதபோது திறந்த கண்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மயிலாடியில் உள்ள ஒரு சிற்பக்கூடத்துக்கு மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பியபோது, இசக்கியம்மன் என்னைப் பார்த்தாள்.

கல் சிலைதான். பயப்பட ஒன்றுமில்லை... காலையில் அவளுக்குக் கண் கிடையாது என்பதைத் தவிர.

சிற்பி செல்லப்பன் என் நண்பர். கல் செதுக்க மிஷின் வைத்திருக்கிறார். அதை இயக்குவது உள்ளங்கையளவு கம்ப்யூட்டர். கரண்ட் போனால் அது அணைந்து, எந்த இடத்தில் செதுக்கிக்கொண்டிருந்தது என்பதையே மறந்துவிடும். கல் வீண். மின்சாரத் துறையில் ஓய்வு பெற்றவன் ஆயிற்றே — பேட்டரியோடு ஒரு பேக்கப் போர்டை நான்தான் மாட்டிக்கொடுத்தேன். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் விழித்திருக்கும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து மிஷின் தானாக ஓடும். எப்போது போனது, எப்போது வந்தது என்று குறித்தும் வைக்கும். இவ்வளவு ஒழுங்கான ஊழியரை நான் ஆபீஸில் பார்த்ததில்லை.

ஒன்றுக்கு மட்டும் மிஷினுக்கு அனுமதியில்லை. கண்! டிசைனில் கண்ணும் இருக்கும். முகம் முடிந்ததும் செல்லப்பன் மிஷினை நிறுத்திவிடுவார். நல்ல நேரம் பார்த்து, கோயிலில் வைத்து, அவர் உளிதான் கண் திறக்கும். மிஷின் கண் திறந்த சிலையைக் கோயிலில் வைக்க மாட்டார்கள். இது ஒரு குடும்பக் கோயிலுக்கான சிலை. கோயில் திருவிழாவான கொடைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

அன்று பராமரிப்புக்காக ஐந்து மணி வரை மின்தடை. முகம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. மிஷினின் மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுப் போவதுதான் நடைமுறை என்றேன்.

“உங்க ஆளுவ சொன்ன நேரத்துக்கு முந்தி கரண்ட் விட்ட சரித்திரம் உண்டுமா சார்? வாங்க, சோறு ஆறுது” என்றார் செல்லப்பன்.

சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்தேன். கூடத்தைப் பூட்டி, சாவியை அவர் மடியில் செருகிக்கொண்டார்.

திரும்பி வந்து திறந்தால்... மின்விசிறி ஓடவில்லை. பல்பு எரியவில்லை. அப்போதும் கரண்ட் இல்லை. அவள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இமை, விழி, நடுவில் கருமணி — சுத்தமான வேலை. உதட்டின் மேல் புதிதாகக் கல்தூசி.

செல்லப்பன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நடுவில் கரண்ட் வந்து போயிருக்கும், என் போர்டு மிஷினை ஓட விட்டிருக்கும் என்று புலம்பினார். ஒன்பது நாளில் இன்னொரு சிலை எப்படி முடியும்? கொடை நின்றுபோனால் அவரை நம்பி இனி யார் சிலை கேட்பார்கள்?

துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டேன். கம்பத்தில் ஆள் நிற்கிறான், லைனில் இன்னும் கரண்ட் விடவில்லை என்றார்கள். போர்டு குறித்து வைத்ததைப் பார்த்தேன். பதினொன்று முப்பத்திரண்டுக்குப் போயிருக்கிறது. வந்ததாகக் குறிப்பே இல்லை.

“அந்த பேட்டரியில மிஷின் ஓடியிருக்குமோ சார்?”

“கம்ப்யூட்டருக்கே அது நாலு மணி நேரந்தான் தாங்கும். கல் செதுக்கிற மோட்டார் ஒரு சுத்துகூட சுத்தாது.”

“அப்போ மிஷின் தொறக்கல்ல. உறப்பா சொல்லுதியளா?”

உறுதியாகச் சொன்னேன்.

அவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, அவளுக்கு நேராக நிற்காமல் ஓரமாக நின்று கும்பிட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“பொறவென்ன சார்? அவளே தொறந்துட்டா. கொண்டு வச்சிரலாம்.”

வைத்தாகிவிட்டது. கொடையும் முடிந்தது. செல்லப்பன் நன்றாகத் தூங்குகிறார்.

போர்டைக் கழற்றி வந்து என் மேஜையில் வைத்திருக்கிறேன். பேட்டரி, வோல்டேஜ், கடிகாரம்... எல்லாவற்றையும் மூன்று முறை சோதித்துவிட்டேன். சர்வீஸ் முழுக்க, பழுது எதுவும் இருந்துவிடக் கூடாதே என்று சோதித்தவன் நான். இப்போது ஒன்றாவது அகப்படாதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.